சாவியைத் திருப்பிக் கொடுக்கும் ஊர்

1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடியது. பந்தல் போட்ட திடலுக்கு சத்தியமூர்த்தி நகர் என்று பெயர். தலைவர் யு.என். தேபர், மாநிலத்தில் முதலமைச்சர் காமராஜர். சோஷலிச பாணி சமுதாயம்தான் இனி நாட்டின் இலக்கு என்ற தீர்மானம் அங்கேதான் நிறைவேறியது. அடுத்த ஆண்டு நவம்பர் 14 அன்று நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவானது. 1957 மே 20 அன்று நேருவே வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். ஆவடியில் கைதூக்கி ஏற்றுக்கொண்டதைத் தமிழ்நாட்டில் செங்கல் வைத்துக் கட்டிப்பார்த்த முதல் பெரிய இடம் நெய்வேலி. அந்த ஊரை எடைபோட அந்தத் தீர்மானத்தைவிடப் பொருத்தமான படிக்கல் வேறு இல்லை. அழகாக இருக்கிறதா, பசுமையாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் நெய்வேலி எந்தப் போட்டியிலும் ஜெயித்துவிடும். சமமான வாழ்வைத் தருவதாகச் சொல்லிப் பொதுப்பணத்தில் கட்டிய ஊர் அது என்பதால் கேள்வியும் அங்கிருந்துதான் எழ வேண்டும்.

ஒரு நிறுவனம் கட்டி, அதன் ஊழியர்களுக்கென்று நடத்தும் ஊர்களில் தமிழ்நாட்டில் இதைவிடப் பெரிய சோதனை நடந்ததில்லை. மேற்குச் சென்னையில் இருப்பவர்களுக்கு இந்த வகை ஊர் புதிதல்ல. பெரம்பூரை ஒட்டி ஐ.சி.எஃப். காலனி இருக்கிறது, ஆவடியில் டேங்க் தொழிற்சாலையின் எச்.வி.எஃப். எஸ்டேட்டும், சீருடை தைக்கும் ஓ.சி.எஃப். எஸ்டேட்டும் இருக்கின்றன. ஆனால் இவையெல்லாம் சென்னை என்ற பெரிய ஊரின் ஓரத்தில் ஒட்டிக்கொண்ட துண்டுகள். நெய்வேலி முந்திரிக்காட்டுக்கும் பலாத்தோப்புக்கும் நடுவே, ஒரே முதலாளியை மட்டும் நம்பி எழுந்தது.

தோற்றக் கதை பலருக்கும் தெரிந்ததுதான். 1930களின் நடுவில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் ஆழ்குழாய் போட்டபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ கலந்து வந்தது. அவர் அதை விடாமல் அரசின் காதில் போட்டுக்கொண்டே இருந்தார். 1940களில் புவியியல் ஆய்வுத் துறை துளையிட்டுப் பார்த்தது. 1950களில் பிரிட்டனின் பவல் டஃப்ரின் நிறுவனம் திட்ட அறிக்கை கொடுத்தது. 1961 ஆகஸ்டில் பழுப்பு நிலக்கரி வெளியே தெரிந்தது. 1962இல் சோவியத் உதவியோடு எழுந்த அனல்மின் நிலையத்தின் முதல் 50 மெகாவாட் அலகு ஓடத் தொடங்கியது. அதுவரை பெரிதும் அணைகளை நம்பியிருந்த மாநிலம் இது. மழை பொய்த்தால் ஆலை நிற்கும். அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது 1964இல். அங்கே லேத் ஓடியதற்குப் பின்னால் நெய்வேலி இருந்தது. வீடுகளிலும் இருந்தது: லெக்கோ என்ற பெயரில் விற்ற நெய்வேலிக் கரியை அடுப்பில் போட்ட குடும்பங்கள் சென்னையில் ஏராளம்.

இங்கே சுரங்கத்தைப் பற்றி ஒரு விஷயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கட்டடங்களைப் பற்றிய என் தீர்ப்பே அதில்தான் நிற்கிறது. ஜாரியாவிலும் இங்கிலாந்திலும் நாம் படிக்கும் நிலக்கரிச் சுரங்கங்களில் ஆள் கீழே இறங்குவான்; ஊர் குழியின் வாயருகே நிற்கும். நெய்வேலியில் குழி என்பதே வேறு. பழுப்பு நிலக்கரிக்கு மேலே பல மாடி உயரத்துக்கு மண்ணும் கடலூர் மணற்கல்லும் கிடக்கின்றன. வாளிச் சக்கரம் பொருத்திய ராட்சத ஜெர்மன் இயந்திரங்கள் அந்த மேல்மண்ணைச் சுரண்டி எடுத்து, கன்வேயர் பெல்ட்டில் ஏற்றி, ஏற்கெனவே தோண்டி முடித்த பகுதியில் கொட்டுகின்றன. மணற்கல் அவ்வளவு கரடு. வாளியின் பற்கள் தேய்ந்து கொட்டின. வெடிவைத்துத் தளர்த்தித்தான் வெட்ட முடிந்தது. அதற்கும் கீழே, நிலக்கரிப் படுகைக்கு அடியில், அழுத்தத்தோடு நிற்கும் நீர். அதை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே பிளந்து பொங்கிவிடும். இப்படிப்பட்ட திறந்தவெளிச் சுரங்கம் ஓரிடத்தில் நிற்பதில்லை. முன்னால் தோண்டி, பின்னால் மூடி, ஆண்டுதோறும் நகர்கிறது. அது நகரும் திசையில் இருப்பது யாரோ ஒருவரின் வயல், யாரோ ஒருவரின் வீடு. டவுன்ஷிப் மட்டும் அதே இடத்தில் நிற்கிறது. தெற்கே சுரங்கங்களும் மின் நிலையங்களும், வடக்கே ஊர் என்று வரைபடத்தில் கோடு போட்ட அன்றே, யார் நிலைத்திருப்பது, யார் பெயர்வது என்பதும் முடிவாகிவிட்டது.

இப்போது ஊருக்குள் போவோம். கும்பகோணம் சாலையில் ஆர்ச் கேட்டில் இறங்கி உள்ளே திரும்பினால் முதலில் தெரிவது சாலையின் அகலம். சென்னையில் இருந்து போகிறவனுக்கு அதுவே ஒரு அதிர்ச்சி. இருபுறமும் மரங்கள், கிளைகள் நடுவில் சந்திக்கும் அளவுக்கு வளர்ந்தவை. ஊர் வட்டம் வட்டமாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. எண்தான் பெயர்: 3ஆவது வட்டம், 9ஆவது வட்டம், 21ஆவது வட்டம். பேச்சில் பிளாக் என்பார்கள். குறுக்கும் நெடுக்குமாகச் சாலைகள், பள்ளி, மருந்தகம், விளையாட்டுத் திடல், நடுவே பஸ் ஸ்டாண்டும் மெயின் பஜாரும். எங்கே எது இருக்க வேண்டும் என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள் என்பது நடக்க நடக்கப் புரியும்.

ஊழியர் குவார்ட்டர்ஸ் ஒன்றின் முன் நின்று பார்த்தால், கட்டட அழகு என்று சொல்ல எதுவும் கண்ணில் படாது. பொதுப்பணித் துறை கை பழகிய அதே எளிய செங்கல் கட்டு. சுண்ணாம்பு வெள்ளை, ஜன்னலுக்கு மேலே சன்ஷேடு, வாசலில் ஆள் உட்காரும் அளவுக்கு ஒரு திண்ணைத் தளம். முன்னறை, ஓர் அறை, சமையலறை, அவ்வளவுதான். சிறிய வீடுகள் பெரும்பாலும் ஒரு சுவரைப் பங்குபோட்டுக்கொண்ட ஜோடிகள். ஆனால் சுற்றிலும் நிலம் இருக்கிறது. முன்பக்கம் செம்பருத்தியும் நந்தியாவட்டையும், பின்பக்கம் துவைக்கும் கல், கருவேப்பிலை, முருங்கை, ஒரு பலா. வீட்டுக்கு இருபுறமும் காற்று நுழைகிறது. குழாயில் தண்ணீர் வருகிறது, சாக்கடை மூடிய குழாயில் போகிறது, விளக்கு அணைவதில்லை. அறுபதுகளில் பெரம்பூர் மில் தொழிலாளி ஒண்டுக்குடித்தனத்தில் பத்துக் குடும்பத்தோடு ஒரு கழிப்பறைக்கு வரிசையில் நின்றார். அம்பத்தூரில் வேலைக்கு வந்தவர் கொரட்டூரிலோ பாடியிலோ ஓட்டுக்கூரைப் போர்ஷனில் இருந்தார். அதே காலத்தில் நெய்வேலியின் கடைநிலைத் தொழிலாளிக்குச் சொந்தமாகக் கழிப்பறையும் கொல்லைப்புறமும் கிடைத்தன. தமிழகத்துத் தொழிலாளி வர்க்கத்துக்குப் பொதுத்துறை கட்டிக்கொடுத்த வீடுகளில் இவையே சிறந்தவை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கட்டட நூல்களில் இடம்பெறும் பெரிய பெயர்கள் எதுவும் இல்லாமல், வெயிலையும் காற்றையும் அறிந்த பொறியாளர்கள் சிக்கனமாகச் செய்த வேலை இது. அதற்குரிய மரியாதை இன்னும் கிடைக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதைப் பசுமைப் புகழ்ச்சியில் பலரும் விட்டுவிடுகிறார்கள். வீடு ஒதுக்கியது பதவிப்படியையும் பணிமூப்பையும் பார்த்து. சாதியைப் பார்த்து அல்ல. தென்னாற்காட்டின் ஊர்களில் காலனியும் ஊரும் தனித்தனித் திசையில் இருந்த காலம் அது. தாழ்த்தப்பட்ட குடும்பத்து ஆபரேட்டரும் முதலியார் வீட்டு கிளார்க்கும் ஒரே சுவரின் இரு பக்கத்தில் குடியிருந்து, ஒரே குழாய்த் தண்ணீரைக் குடித்து, பிள்ளைகளை ஒரே பள்ளிக்கு அனுப்பியது சிறிய விஷயம் இல்லை. ஆவடித் தீர்மானம் நெய்வேலியில் எங்கேயாவது உண்மையாகியிருக்கிறது என்றால் அந்தப் பொதுச் சுவரில்தான். இந்த ஒரு காரணத்துக்காகவே நெய்வேலியை முழுக்க நிராகரிக்கும் விமர்சனங்களை நான் ஏற்க மாட்டேன்.

ஆனால் அதே ஒதுக்கீட்டு முறை சாதி இருந்த இடத்தில் பதவியை உட்கார வைத்தது. வீடு டைப் வாரியாகப் பெரிதாகிக்கொண்டே போகிறது. தோட்டமும் கூடவே பெரிதாகிறது. அதிகாரிகளின் பங்களாக்கள் உள்ள வட்டங்களில் மரநிழல்கூட அடர்த்தி. ஒருவர் எந்த வட்டத்தில் இருக்கிறார் என்று சொன்னால் போதும். அவருடைய சம்பளம் ஏறக்குறைய தெரிந்துவிடும். அதிகாரிகளுக்குத் தனி கிளப். பிள்ளைகள் சேர்ந்து படித்தார்கள், மாலையில் வேறு வேறு திடலில் விளையாடினார்கள். இது வேண்டுமென்றே செய்த கொடுமை அல்ல என்று வாதிடலாம். ரயில்வே காலனியிலும் கன்டோன்மென்டிலும் வெள்ளைக்காரன் விட்டுச்சென்ற பழக்கம் அப்படியே தொடர்ந்தது, அவ்வளவுதான் என்று சொல்லலாம். உண்மைதான். ஆனால் சமத்துவத்தைத் தன் இலக்காக அறிவித்த அரசு, புதிதாக, யாருடைய குறுக்கீடும் இல்லாமல் ஒரு ஊரைக் கட்டியபோதும் அந்தப் பழைய அச்சை மாற்ற முயலவில்லை. அடிப்படை வசதியைச் சமமாகக் கொடுத்துவிட்டு, இடத்தை மட்டும் பதவிவாரியாக அளந்து கொடுத்தது. இந்த இடத்தில் நெய்வேலியின் திட்டம் தோற்றுவிட்டது என்றே நான் எழுதுவேன்.

நிலக்கரி ஊரைக் கட்ட வேறு வழி இருந்ததா? இருந்தது. போலந்தில் கத்தோவிட்சே நகரத்தோடு இன்று சேர்ந்துவிட்ட நிகிஷோவியெத்ஸ் என்ற ஊரை கீஷே என்ற சுரங்க நிறுவனம் முதல் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் கட்டியது. கட்டடக் கலைஞர்கள் ஸில்மன் குடும்பத்தவர்களான ஏமில், ஜார்ஜ். சிவப்புச் செங்கல்லில் மூன்று மாடி வீட்டுத் தொகுதிகள்; ஒவ்வொரு தொகுதியும் நடுவில் ஒரு முற்றத்தைச் சுற்றி நிற்கிறது; வளைவு வாசல்கள் முற்றத்தைத் தெருவோடு இணைக்கின்றன. ரொட்டி சுடும் அடுப்பு பொது, கடைகள் சதுக்கத்தில், தேவாலயம் நடுவில். அங்கேயும் முதலாளிதான் எஜமான், ஜனநாயகம் ஒன்றும் வழியவில்லை. ஆனால் வீடுகள் ஒன்றையொன்று பார்த்து நின்றதால், நிறுவனத்தின் ஆதிக்கம் போன பிறகும் அக்கம்பக்கம் என்ற உறவு மிஞ்சியது. நெய்வேலியின் வீடுகள் தோட்டத்தைப் பார்த்து நிற்கின்றன. கூடுவதற்கு வேண்டிய இடங்களை நிறுவனம் தனியாகக் கட்டியது: அரங்கம், நூலகம், நீச்சல்குளம், ஆண்டுதோறும் புத்தகக் காட்சி. எல்லாம் நல்லவை. புத்தகக் காட்சி இந்த மாநிலத்தில் பெயர்பெற்றது. ஆனால் அவையெல்லாம் நிறுவனம் திறந்தால் திறக்கும், மூடினால் மூடும். மக்கள் தாங்களாகக் கூடும் இடம் என்று கேட்டால் எனக்குத் தோன்றுவது வேலுடையான்பட்டு முருகன் கோயில். டவுன்ஷிப் வருவதற்கு முன்பே அங்கே இருந்த கோயில் அது. பங்குனி உத்திரத்தன்று சுற்றுவட்டாரம் முழுவதும் காவடியோடு உள்ளே வருகிறது. நிறுவனம் அதைக் கட்டவில்லை என்பதால்தான் அது எல்லோருக்கும் பொதுவாக இருக்கிறது என்று நினைக்கிறேன்.

சுற்றுவட்டாரம் என்றதும் மதிலுக்கு வெளியே போயாக வேண்டும். மந்தாரக்குப்பம், இந்திரா நகர், வடக்குத்து எல்லாம் நெய்வேலியால் வளர்ந்தவை, ஆனால் நெய்வேலியாக எண்ணப்படாதவை. நிரந்தரப் பணியாளர் எண்ணிக்கை குறைந்துகொண்டே வர, வேலை ஒப்பந்தத் தொழிலாளர் தலையில் ஏறியது. அவர்களுக்குக் குவார்ட்டர்ஸ் கிடையாது. காலையில் உள்ளே போய் அதே பாய்லருக்கு அருகே நின்று, மாலையில் வெளியே வந்து நெரிசலான வாடகை வீட்டுக்கோ தகரக் கொட்டகைக்கோ போகிறார்கள். 2020 மே, ஜூலை மாதங்களில் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் பாய்லர்கள் வெடித்தன. இறந்தவர்களில் ஒப்பந்தத் தொழிலாளர்களும் இருந்தார்கள். அதே தீயில் வெந்தவர்களில் சிலருக்கு மட்டுமே அந்த ஊரின் வரைபடத்தில் வீடு உண்டு.

நிலம் கொடுத்தவர்களின் நிலை இதைவிடக் கடினம். ஐம்பதுகளில் கையகப்படுத்தியது 1894ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ். புன்செய்க்கு அன்றைய விலை. மறுகுடியமர்வு என்று தூரத்தில் மனை. அடுத்த தலைமுறைக்கு வேலை என்ற வாக்குறுதி சிலருக்கு நிறைவேறியது, பலருக்கு வழக்கானது. சுரங்கம் நகர நகர இந்தக் கதை ஒவ்வொரு பத்தாண்டிலும் புதிய கிராமத்தின் பெயரோடு திரும்ப வந்தது. கடைசியாக நாம் எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தது 2023 ஜூலையில்: வளையமாதேவியில், பரவனாற்றைத் திருப்பிவிடும் வாய்க்காலுக்காக, கதிர் வரும் பருவத்தில் நின்ற நெல்லுக்குள் மண் வெட்டும் இயந்திரங்கள் இறங்கின. அந்த நிலத்தை நிறுவனம் பல ஆண்டுகளுக்கு முன்பே சட்டப்படி எடுத்துவிட்டது என்று சொன்னது. விவசாயிகள் இழப்பீடு போதவில்லை என்றார்கள், அறுவடைக்குச் சில வாரம் பொறுத்திருக்கலாமே என்றார்கள். சட்டம் எந்தப் பக்கம் என்பதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். எனக்கு வலித்தது வேறு. பலா மரத்தடியில் இவ்வளவு பக்குவமாக வீடு கட்டத் தெரிந்த ஒரு நிறுவனத்துக்கு, தான் இடம்பெயர்த்தவனுக்கு அதில் பாதிப் பக்குவத்தோடு ஒரு ஊரைக் கட்டித்தரத் தோன்றவில்லை. திறமை இல்லாமல் இல்லை, பணம் இல்லாமல் இல்லை. மறுகுடியமர்வுக் காலனிக்கு மூடிய சாக்கடையும் நிழல்மரமும் பள்ளியும் டவுன்ஷிப் தரத்தில் கொடுத்திருந்தால், இன்று அந்த வட்டாரத்தில் நிலக்கரி என்ற சொல்லுக்கு வேறு முகம் இருந்திருக்கும்.

உள்ளே இருப்பவர்களுக்காவது ஊர் சொந்தமா? அதுவும் இல்லை. ஓய்வு பெறும் நாளில் மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, ஜீப்பில் வீடுவரை கொண்டுவந்து விடுவார்கள். பிறகு தரப்படும் அவகாசத்துக்குள் வீட்டைக் காலிசெய்து சாவியை ஒப்படைக்க வேண்டும். முப்பது ஆண்டு நட்டு வளர்த்த பலா அடுத்தவருக்கு. நெய்வேலியில் பிறந்து வளர்ந்த ஏராளமானோர் இன்று அம்பத்தூரிலும் முகப்பேரிலும் பூந்தமல்லியிலும் அடுக்குமாடிகளில் இருக்கிறார்கள். அவர்கள் தங்கள் ஊரைப் பற்றிப் பேசும்போது வரும் ஏக்கம் ஊர்விட்டு ஊர் வந்தவர்களின் வழக்கமான ஏக்கம் அல்ல. திரும்பிப் போனால் நிற்க ஒரு வாசல்கூட இல்லை என்ற தவிப்பு அதில் இருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட ஊர் அது. அவ்வளவு பேரில் தான் குடியிருக்கும் நிறுவன வீட்டைத் தன் பிள்ளைக்கு எழுதிவைக்க முடிந்தவர் யாரும் இல்லை.

வார்டு கவுன்சிலரும் இல்லை. அரசமைப்புச் சட்டத்தின் 243கியூ பிரிவு, ஒரு தொழில் நிறுவனம் நகராட்சி சேவைகளைத் தானே கொடுத்தால் அங்கே நகராட்சி அமைக்காமல் விட ஆளுநருக்கு அனுமதி தருகிறது. ஜாம்ஷெட்பூரில் இது பல ஆண்டு வழக்கானது. நெய்வேலியிலும் தண்ணீர், சாலை, விளக்கு, குப்பை எல்லாம் நிறுவனத்தின் டவுன்ஷிப் நிர்வாகத்தின் கையில். சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் ஓட்டுப் போடுகிறவர்கள், தங்கள் தெருவை நடத்துகிறவரைத் தேர்ந்தெடுக்க முடியாது. புகார் சொல்ல வேண்டியதும் தன் மேலதிகாரியின் நிறுவனத்திடமே. தொழிற்சங்கங்கள் இந்த வெற்றிடத்தை ஓரளவு நிரப்பின. தெருவிளக்கு எரியாததற்கும் சங்கத் தலைவரிடம் போனார்கள். சங்கம் ஊழியருக்கானது. ஊழியரின் விதவைத் தாய்க்கும், பஜாரில் கடை வைத்தவருக்கும் அது வாய் ஆகாது.

இங்கே ஒரு வலுவான எதிர்வாதம் உண்டு; அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. 'கவுன்சிலர் இருக்கும் உங்கள் அம்பத்தூரைப் பாருங்கள், சொந்த மனை இருக்கும் முகப்பேரைப் பாருங்கள். மழை வந்தால் முழங்கால் தண்ணீர், மரம் வெட்டி கார் நிறுத்த இடம், ஏரிக்குள் வீடு. சொந்தமும் ஓட்டும் சேர்ந்து கட்டிய ஊர் இதுதானே? நெய்வேலியை ஒரே கை கட்டிக் காத்ததால்தான் அது நெய்வேலியாக இருக்கிறது' என்பார்கள். பாதி உண்மை. அம்பத்தூர் தொழிற்பேட்டையை அமைத்த அரசு, தொழிற்கூடத்துக்கு மனை போட்டது. தொழிலாளிக்குப் போதிய அளவு போடவில்லை. ஆட்கள் தாங்களாக இடம் தேடிக்கொண்டார்கள். சாலையும் சாக்கடையும் பிறகு, பல ஆண்டு கழித்து, அரைகுறையாக வந்தன. அதன் விலையை இன்றுவரை கொடுத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் அந்தக் குறை திட்டமிடாததால் வந்தது. மக்களுக்கு உரிமை இருந்ததால் வந்தது அல்ல. நெய்வேலி போல முதலில் திட்டமிட்டுக் கட்டிவிட்டு, பிறகு வீட்டையும் நிர்வாகத்தையும் படிப்படியாகக் குடியிருப்பவரிடம் விட்டிருக்கலாம். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்ற எண்ணம் தவறு.

ஆவடியே இதற்குச் சாட்சி. டேங்க் தொழிற்சாலை அறுபதுகளின் தொடக்கத்தில் வந்தது. 1965இல் முதல் விஜயந்தா டேங்க் வெளிவந்தது. அதற்கென்று எழுந்த எஸ்டேட்டின் வீடுகள் நெய்வேலி வீடுகளின் ஒன்றுவிட்ட தம்பிகள்: அதே டைப் வரிசை, அதே அகலச் சாலை, அதே வேப்பமரம். பராமரிப்பில் நெய்வேலிக்குக் கிட்டே வராது. காரை பெயர்ந்த, ஆளில்லாமல் பூட்டிக்கிடக்கும் பிளாக்குகளை இன்றும் பார்க்கலாம். ஆனால் மதில் நெய்வேலி அளவுக்கு இறுக்கமாக இல்லை. மின்சார ரயில் பக்கத்தில் ஓடியது. தொழிலாளர்கள் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, கடன் வாங்கி, பட்டாபிராமிலும் திருமுல்லைவாயிலிலும் திருநின்றவூரிலும் மனை வாங்கினார்கள். ஓய்வு பெற்ற பிறகும் அதே ஊரில் இருந்தார்கள். தெருச் சங்கம் வைத்தார்கள், கோயில் கட்டினார்கள், தேர்தலில் நின்றார்கள். 2019இல் ஆவடி மாநகராட்சி ஆனது. 2021 அக்டோபரில் ஆயுதத் தொழிற்சாலை வாரியத்தையே கலைத்து ஏழு நிறுவனங்களாகப் பிரித்தபோது தொழிலாளர்களுக்குப் பெரிய கவலை இருந்தது, நியாயமான கவலை. ஆனால் ஆவடி என்ற ஊர் இருக்குமா என்று யாரும் கேட்கவில்லை. வீடுகளாக ஒப்பிட்டால் நெய்வேலி பல படி மேல். ஊராக ஒப்பிட்டால், அழுக்கும் நெரிசலும் நிறைந்த ஆவடிதான் முன்னே நிற்கிறது.

நெய்வேலியைப் பற்றி அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய காலம் வந்துவிட்டது. 600 மெகாவாட் கொண்ட முதல் அனல்மின் நிலையம் 2020 செப்டம்பரில் நின்றது. உரத் தொழிற்சாலையும் கரி ஆலையும் அதற்கு முன்பே மூடிவிட்டன. 2016இல் நிறுவனத்தின் பெயரிலிருந்தே நெய்வேலி போய் என்.எல்.சி. இந்தியா ஆனது, முதலீடு ராஜஸ்தானுக்கும் ஒடிசாவுக்கும் சூரிய மின்சாரத்துக்கும் போகிறது. 2013இல் மத்திய அரசு பங்கு விற்க முனைந்தபோது, தமிழக அரசின் நிறுவனங்களே அந்தப் பங்குகளை வாங்கிக்கொண்டன. அது நல்ல அரசியல். ஆனால் பங்கைக் காப்பாற்றியதில் காட்டிய அக்கறையில் சிறு பகுதிகூட, சுரங்கம் நின்ற பிறகு அந்த ஊர் யாருடையது என்ற கேள்வியில் காட்டப்படவில்லை. கோலார் தங்கவயலில் நம்மவர்கள் பட்டதை நாம் பார்த்திருக்கிறோம். வடாற்காட்டிலிருந்து போன தமிழர்கள் நூறாண்டுக்கு மேல் மண்ணுக்கடியில் உழைத்த இடம் அது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடியது. லைன் வீடுகளில் இருந்தவர்கள் பட்டா கேட்டு அலுவலகம் அலுவலகமாக ஏறினார்கள். பிள்ளைகள் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள். அங்கே ஏற்பாடு எதுவும் செய்யாமல் மூடினார்கள். நெய்வேலியில் ஏற்பாடு செய்ய இன்னும் அவகாசம் இருக்கிறது.

எனவே என் தீர்ப்பு இது. வீடு கட்டிய விதத்தில் நெய்வேலிக்கு முழு மதிப்பெண். சாதிச் சுவரை ஒதுக்கீட்டால் உடைத்ததில், தமிழ்நாட்டின் வேறு எந்த அரசுத் திட்டத்துக்கும் குறையாத மதிப்பெண். பதவிவாரியாக நிலத்தை அளந்ததில் தோல்வி. நிலம் கொடுத்தவனையும் ஒப்பந்தத் தொழிலாளியையும் மதிலுக்கு வெளியே நிறுத்தியதில் படுதோல்வி. ஆவடித் தீர்மானத்தை வைத்துப் பார்த்தால் இதுவே மற்ற எல்லாவற்றையும்விடக் கனமானது. முன்மாதிரி ஊர் என்று அதை மாணவர்களுக்குக் காட்டும் வழக்கத்தை, அந்த மதிலையும் சேர்த்துக் காட்டாதவரை, நிறுத்திவிட வேண்டும்.

இதில் சென்னைக்காரர்களான நமக்கும் பங்கு இருக்கிறது. வீராணம் ஏரியின் தண்ணீர் சேத்தியாத்தோப்பிலிருந்து வடக்குத்து சுத்திகரிப்பு நிலையத்துக்கு ஏறி, அங்கிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் குழாயில் ஓடி போரூருக்கு வருகிறது. வறட்சி ஆண்டுகளில் நெய்வேலிப் பகுதியின் நிலத்தடி நீரும் அந்தக் குழாயில் ஏறியது. மின்சாரம் எடுத்தோம், கரி எடுத்தோம், தண்ணீரும் எடுக்கிறோம். மாநில அரசு செய்ய வேண்டியவை மூன்று, மூன்றும் சட்டத்துக்குள் முடியக்கூடியவை. டவுன்ஷிப், மந்தாரக்குப்பம், வடக்குத்து, மறுகுடியமர்வுக் காலனிகள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே நகராட்சியாக அறிவிப்பது. காலியாகும் குவார்ட்டர்ஸ்களை இடிக்காமல், நிலம் இழந்த குடும்பங்களுக்கும் நீண்டகால ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கும் முன்னுரிமை கொடுத்து உரிமைப் பத்திரத்தோடு ஒதுக்குவது. மரங்களையும் சாலை அகலத்தையும் காக்க, மனை உடைத்து விற்கத் தடையோடு கட்டட விதி கொண்டுவருவது. சுரங்கத்துக்கு மூடல் திட்டம் போடுவது ஏற்கெனவே கட்டாயம். அதில் குழியை எப்படி நிரப்புவது, எங்கே மரம் நடுவது என்று எழுதுகிறார்கள். ஊரைப் பற்றியும் ஓர் அத்தியாயம் அதில் எழுதப்பட வேண்டும், கடைசி வாளிச் சக்கரம் நிற்பதற்கு வெகு முன்பே.